டோப்பிங்: ஸ்டென்ட்டுக்கும் 'மாசூட்டல்' சரிவருமா?

வணக்கம். ஸ்டென்ட் என்பது அடைபட்ட இரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழல். அதன் மேல் வளர்க்கும் நானோகுழல்களில் (மிக நுண்ணிய குழல்கள்) சிறிதளவு வேறு உலோகம் சேர்ப்பதை ஆங்கிலத்தில் 'டோப்பிங்' என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்பதே நம் கேள்வி.

> 'உலோகம் மாசூட்டிய நானோகுழல்கள்' என்றே போடலாமே? பாடநூலில் இருக்கும் சொல்தானே.

இருக்கிறது, குறைக்கடத்திப் பாடத்தில். தூய சிலிக்கானில் பாஸ்பரசோ போரானோ சேர்ப்பதற்கு அது பழகிவிட்டது, அங்கே அதைத் தொட வேண்டாம். ஆனால் நாம் பேசுவது இரத்தக்குழாய்க்குள் வைக்கும் பொருளை. 'செம்பு மாசூட்டிய ஸ்டென்ட்' என்று ஒப்புதல் படிவத்தில் இருந்தால் எந்த நோயாளி கையெழுத்துப் போடுவார்?

சொல்லைத் தேடுமுன் நடப்பதைப் பார்த்துவிடுவோம். ஃபுளோரைடு கலந்த கரைசலில் டைட்டானியத்தை நேர்மின்வாயாக வைத்து மின்னழுத்தம் கொடுத்தால், அதன் மேற்பரப்பிலேயே டைட்டானியம் டையாக்சைடு குழல்கள் நெருக்கமாக எழும்பும். அதில் செம்போ துத்தநாகமோ சிறிதளவு சேர்த்தால், டைட்டானியம் இருக்க வேண்டிய சில இடங்களில் அது போய் உட்காரும். இதுதான் டோப்பிங். செம்பு அயனிகள், இரத்தத்தில் இயல்பாகவே உள்ள எஸ்-நைட்ரசோதயால்களிலிருந்து (நைட்ரிக் ஆக்சைடைச் சுமக்கும் சேர்மங்கள்) நைட்ரிக் ஆக்சைடை விடுவிக்கத் தூண்டும். நலமான இரத்தக்குழாயின் உட்சுவரில் உள்ள எண்டோதீலியச் செல்கள் சுரப்பதும் இந்த நைட்ரிக் ஆக்சைடைத்தான். தட்டணுக்கள் திரண்டு உறையாமலும், தசைச்செல்கள் பெருகி வழியை மறுபடி அடைக்காமலும் அது பார்த்துக்கொள்கிறது. அளவு மிஞ்சினால் அதே செம்பு செல்களைக் கொன்றுவிடும். ஆகவே 'கொஞ்சம்' என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருப்பது நல்லது.

> 'பூச்சு' எல்லாருக்கும் புரியுமே.

புரியும், தவறாக. பூச்சு மேலே ஒட்டி நிற்பது. ஸ்டென்ட் விரியும்போது அது வெடிக்கலாம், உரியலாம். 'கலப்பு' என்றால் கலப்புலோகம் நினைவுக்கு வரும். (ஸ்டென்ட் செய்யப் பயன்படும் நிட்டினாலே நிக்கலும் டைட்டானியமும் சேர்ந்த கலப்புலோகம், கேட்கவே வேண்டாம்.) விளையாட்டுப் பக்கத்தில் டோப்பிங்குக்குப் போடும் 'ஊக்கமருந்து' இங்கே ஆகாது.

என் பரிந்துரை: சிற்றூட்டல். மாசூட்டலில் மாசை எடுத்துவிட்டு ஊட்டலை வைத்துக்கொள்ளலாம். சேர்க்கும் தனிமம் 'சிற்றூட்டி'. எந்த உலோகம் என்று தெரிந்த இடத்தில் 'செம்பூட்டிய', 'துத்தநாகமூட்டிய' என்றாலே போதும். 'உலோகமூட்டல்' மட்டும் வேண்டாம். மேலே உலோகப் படலம் படியவைப்பதற்கு அந்தச் சொல் தேவைப்படும்.

அயனிக்கற்றையால் அடித்துச் செலுத்துவதும் ஊட்டலா என்று கேட்பீர்கள். அது செய்முறையின் பெயர், 'அயனிப் புகுத்தல்' என்று தனியே இருக்கட்டும்.

அப்புறம், 'இம்ப்ளான்ட்'டுக்கு உள்வைப்பா உட்பொருத்தா என்பதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். இதோடு கலந்தால் இரண்டும் முடியாது.