பாமினி ஃபைல் அனுப்புனா அந்தப் பக்கம் கிறுக்கலா தெரியுது, உதவி வேணும்

மக்களே, மண்டை காயுது. டெஸ்க்டாப்ல பாமினிங்கிற பழைய தமிழ் ஃபான்ட்ல (இங்கிலீஷ் எழுத்து இடத்துல தமிழ் உருவம் வெச்சது) அடிச்ச 42 பக்க வேர்ட் ஃபைல், என் ஸ்க்ரீன்ல பக்காவா இருக்கு, மெயில்ல அனுப்புனா வாங்குறவங்க போன்ல இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா கொட்டிக் கெடக்கு. விண்டோஸ் 10, வேர்ட் 2016, நாலு நாளா இதே கூத்து.

பிடிஎஃப்பா அனுப்புனேன், அழகா தெரியுது, ஆனா அவங்களுக்குத் திருத்தணுமாம். ஃபான்ட்டை ஃபைலுக்குள்ளயே எம்பெட் பண்ணியும் போன்ல எடுபடல. ஜிப் பண்ணிப் பாத்ததெல்லாம் சும்மா ஒரு நப்பாசை. எல்லா போன்லயும் தெரியுற யூனிகோட் எழுத்தா மாத்துற கன்வெர்ட்டர்ல போட்டா தமிழ் சரியா வருது, ஆனா நடுவுல இருக்குற இங்கிலீஷ் பேரு, மெயில் ஐடி எல்லாத்தையும் சேத்து தமிழாக்கித் தொலைக்குது, டேபிளும் போச்சு.

டேபிள் கலையாம, பாமினில இருக்குற எழுத்தை மட்டும் யூனிகோடா மாத்த வழி இருக்கா?