தட்டு மாதிரி நிற்க வேண்டிய டூட்டூ ஏன் தொங்குகிறது? இந்தத் தட்டு எப்போது வந்தது?

நூல்கண்டு (கேள்வி):
வணக்கம். ஒரே உடையைப் பற்றி இரண்டு சந்தேகம். 'ஜிஸெல்' பாலேயில் பாவாடை கெண்டைக்கால் வரை இறங்குகிறது. 'ஸ்வான் லேக்'கிலும் அதே வெள்ளைதான், ஆனால் இடுப்பிலிருந்து தட்டு போல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. இரண்டுக்கும் பெயர் டூட்டூ. நீளம் எப்போது குறைந்தது, எதற்கு? வெறும் ஃபேஷனா?

அடுத்தது தையல் சமாச்சாரம். 11 அடுக்கு நெட், நடுவில் ஸ்டீல் ஹூப். முதல் ஒத்திகையில் நேராக நிற்கிற தட்டு மூன்றாம் ஒத்திகைக்குள் சரிந்துவிடுகிறது. கனமான ஹூப் மாற்றினால் இன்னும் மோசம். எங்கே பிழை?

திரைச்சீலை:
முதல் கேள்விக்கு மட்டும். ஃபேஷனுக்கு இதில் பங்கு கொஞ்சம்தான். மேடை வெளிச்சமும் காலாட்டமும்தான் நீளத்தை முடிவு செய்தன.

1720களிலேயே பாரிஸில் நடனக்காரி மாரி கமார்கோ பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிவிட்டார். எகிறும்போது பாதங்கள் காற்றில் மாறி மாறி வெட்டுவது அவர் ஆட்டத்தின் சிறப்பு. தரையைக் கூட்டும் பாவாடையில் அது யார் கண்ணுக்கும் படாது.

இன்று 'ரொமான்டிக் டூட்டூ' என்று சொல்லும் நீளமான மணி வடிவத்துக்கு முன்மாதிரி, 1832 மார்ச் 12 அன்று பாரிஸ் ஓபராவில் 'லா சில்ஃபீட்' ஆடிய மாரி தால்யோனியின் உடை. அந்த அரங்குக்கு 1822இலேயே கேஸ் விளக்கு வந்துவிட்டது. கேஸ் குழாயைத் திருகி வெளிச்சத்தைத் தணிக்க முடியும் என்பதால் மேடையில் நிலா வெளிச்சம் சாத்தியமாயிற்று. அந்த மங்கலில் அடுக்கடுக்கான வெள்ளை மஸ்லின் துணி போலவே தெரியாது, புகை போலத் தெரியும். 1841இன் ஜிஸெல் ஆவிகளும் இதே கணக்குதான்.

மேடை விளக்குதான் எமனும். 1844இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் நடனக்காரி கிளாரா வெப்ஸ்டரின் பாவாடை தீப்பிடித்து அவர் இறந்தார். 1862 நவம்பரில் பாரிஸில் ஒத்திகையின்போது எம்மா லிவ்ரி. எட்டு மாதம் போராடி 1863 ஜூலையில் போய்ச் சேர்ந்தார். தீப்பிடிக்காத ரசாயனத்தில் தோய்த்த துணி அப்போதே இருந்தது. தோய்த்தால் விறைத்துப்போய் வெள்ளையும் மங்கும் என்று லிவ்ரி அதை உடுத்த மறுத்துவிட்டார். அவருக்காகத் தால்யோனி 1860இல் அமைத்த 'ல பாப்பியோன்' பாலேயின் கதை, தீவட்டியில் சிறகு கருகும் பட்டாம்பூச்சி.

பிறகு இத்தாலிய நடனக்காரிகள் வந்தார்கள். 1885இல் பீட்டர்ஸ்பர்க் வந்த வர்ஜீனியா சுக்கி, அங்கிருந்த நீளப் பாவாடையை ஏற்காமல் குட்டையாகத்தான் உடுத்துவேன் என்று பிடிவாதம் பிடித்தார். 1895 ஸ்வான் லேக்கில் பியெரீனா லென்யானி ஒற்றைக்காலில் 32 ஃபுவெத்தே (மறுகாலை வீசிச் சுழலும் சுற்று) சுழன்றார். அதற்கு முழங்கால் தெரிந்தாக வேண்டும், அங்கிருந்துதான் தட்டு.

மேடைப்பின்:
கடைசி வரி மட்டும் சரியில்லை. லென்யானி தட்டு உடுத்தவில்லை. அந்தக் காலத்துப் புகைப்படங்களைப் பாருங்கள்: பாவாடை ஏறக்குறைய முழங்கால் வரை, மணியும் குடையும் கலந்த வடிவம், ஓரம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். பாலே நடனக்காரிகளை வரைந்த பிரெஞ்சு ஓவியர் தெகாவின் படங்களில் வருவதற்குத் தம்பி என்று சொல்லலாம். 2016இல் ஜூரிக்கில் நடன அமைப்பாளர் ரட்மான்ஸ்கி பழைய குறிப்புகளை வைத்து ஸ்வான் லேக்கை மீட்டெடுத்தபோது அந்த நீளத்தையும் சேர்த்தே மீட்டார். தட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அன்னங்கள் கொஞ்சம் குண்டாகத் தெரியும், அவ்வளவுதான்.

தட்டு 20ஆம் நூற்றாண்டின் வேலை. காலை இடுப்பு வரை, பிறகு காது வரை தூக்க ஆரம்பித்ததும் பாவாடை மேலேறியது. தடையாக இருந்தது துணிதான். கஞ்சி போட்ட டார்லட்டன் என்ற மெல்லிய பருத்தித் துணி வியர்வை பட்டதும் துவண்டுவிடும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நைலான் நெட் வந்ததும் அந்தக் கவலை போயிற்று. ஹூப்பும் சேர்ந்தபோது தட்டு எவ்வளவு அகலமாகவும் நிற்கலாம் என்றாயிற்று.

அகலத்துக்கும் விலை உண்டு. ஜோடியாக ஆடும் ஆணுக்கு நடனக்காரியின் பாதம் தெரியாது. தாங்கிச் சுழற்றும்போது அவள் நிலைகுலைவதைக் கையில் மட்டும்தான் உணர வேண்டும். நடன அமைப்பாளர் பாலஞ்சினின் 'சிம்ஃபனி இன் சி' பாலே முடிவில் 50 பேருக்கு மேல் ஒரே மேடையில் நிற்பார்கள். ஹூப் வைத்த தட்டுகள் பக்கத்துத் தட்டில் மோதி ஒன்று கீழே போனால் மற்றது மேலே கிளம்பும். அதனால் 1950இல் உடை வடிவமைப்பாளர் கரீன்ஸ்கா ஹூப்பையே எடுத்துவிட்டார். ஆறேழு குட்டை அடுக்கு, தளர்வாகக் கோத்தது, லேசாகக் கவிழ்ந்து நிற்கும். 'பவுடர் பஃப்' என்று பெயர். என் கணக்கில் டூட்டூ வரலாற்றிலேயே புத்திசாலித்தனமான தீர்வு இது. எதிர்க்கோடிக்கும் ஆள் உண்டு: நடன அமைப்பாளர் ஃபோர்சைத்தின் 1996 பாலே ஒன்றில் எலுமிச்சைப் பச்சை டூட்டூ, சுருக்கமே இல்லாத மொட்டைத் தட்டு.

ஊசிமுனை:
தையலுக்கு வருகிறேன். ஹூப்தான் தட்டைத் தூக்கி நிறுத்துகிறது என்று நினைப்பதுதான் மூலத் தவறு. ஹூப் வட்டத்தை விரித்து வைக்கும், அவ்வளவே. எடையைத் தாங்குவது அடியில் உள்ள குட்டை அடுக்குகள். ஓலைக் கூரைக்கு முட்டுக் கொடுத்த மாதிரி. கனமான ஹூப் போட்டால் சுமைதான் கூடும்.

11 அடுக்குக்கு ஒரு கணக்கு: அடியிலிருந்து 4, 7, 10, 13, 16, 19, 22, 26, 30, 34, 38 செ.மீ. ஒவ்வொன்றும் சுமார் 4.5 மீட்டர் பட்டையை இடுப்புச் சுற்றளவுக்குச் சுருக்கியது. 137 செ.மீ. அகல நெட் எட்டு மீட்டர் எடுத்தால் போதும். அடுக்குகளைத் தைக்கும் உள் நிக்கரில் 1 செ.மீ. இடைவெளிக்குக் கோடு போட்டு, கால் ஓரத்திலிருந்து மேல்நோக்கித் தைத்துக்கொண்டு போக வேண்டும். 'அடியில் யார் பார்க்கப் போகிறார்கள்' என்று கீழ் அடுக்குகளில் துணியை மிச்சம் பிடிப்பார்கள், டியூல் என்ற மென்மையான வலைத்துணியை வைப்பார்கள். தொங்குவது அங்கேதான் ஆரம்பம். கீழ் நான்கைந்து அடுக்குக்கு விறைப்பான அறுகோணக் கண் நெட்தான் சரி.

ஹூப்பை மேலிருந்து மூன்றாவது அல்லது நான்காவது அடுக்கில் ரிப்பன் உறைக்குள் விடுங்கள். நீளம் உறையின் சுற்றளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். கூடிப்போனால் பொரித்த அப்பளம் போல் வளையும், குறைந்தால் ஓரம் கிண்ணமாகக் குவியும்.

அடுத்து அடுக்குகளைக் கோக்கும் வேலை. இதற்கு இயந்திரம் உதவாது, கைதான். மேல் அடுக்கிலிருந்து ஊசியை இறக்கி, அடுத்ததில் ஒரு கண்ணைப் பிடித்து, 1 செ.மீ. தளர்வு விட்டு முடிச்சு. 10 செ.மீ.க்கு ஒன்று, வட்டம் வட்டமாக. இறுக்கினால் மேலே குழி விழும். விட்டுவிட்டால் அடுக்குகள் தனித்தனியாக ஆடும், மேல் எடை கீழே இறங்காது. உங்களுடையது மூன்றாம் ஒத்திகையில் சரிகிறது என்றால் இந்த நூல்கள் அறுந்திருக்கலாம். கவிழ்த்துப் பாருங்கள்.

நூல்கண்டு:
கவிழ்த்துப் பார்த்தேன், நூல் எதுவும் அறவில்லை. அடி அடுக்கும் விறைப்புதான். சுற்றிலும் இல்லை, முன்பக்கம் மட்டும்தான் இறங்குகிறது. ஹேங்கரில் மாட்டித்தான் வைக்கிறோம்.

ஊசிமுனை:
அப்படியானால் நெட்டில் குற்றமில்லை. முன்பக்கம் மட்டும் இறங்கினால் இடுப்புப் பட்டியைப் பாருங்கள். இடுப்புக்கும் தொடைமேட்டுக்கும் நடுவே ஒட்டி உட்கார வேண்டிய பட்டி அது. மேல் அடுக்கு அதன் கீழ் ஓரத்தில்தான் தொங்குகிறது. பட்டி தளர்ந்தாலோ நிக்கரின் முன் உயரம் கூடியிருந்தாலோ தையல் கோடே முன்னால் சரியும், தட்டும் அதோடு போகும். உடுத்த பிறகு பக்கவாட்டில் நின்று பாருங்கள்: கோடு முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் முன்பக்கம் 1 செ.மீ. பிடித்துத் தையுங்கள், பின்னால் கொக்கியை ஒரு வரிசை உள்ளே மாற்றுங்கள். கொக்கிக் கண் இரண்டு மூன்று வரிசை வைப்பதே இதற்கும், ஒரே உடையை வேறு ஆள் போடுவதற்கும்தான். புதுத் துணி வியர்வையில் இளகுவதால் முதல் ஒத்திகையில் இது தெரியாது.

ஹேங்கரை இன்றே நிறுத்துங்கள். நெட் மேலே, பாடி (மார்புச் சட்டைப் பகுதி) கீழே வருமாறு தலைகீழாகப் படுக்க வைக்க வேண்டும். இப்போது மாட்டியதில் சரிந்ததை ஸ்டீமர் வைத்து, தலைகீழாகவே நீவி எடுக்கலாம். இஸ்திரிப் பெட்டி வேண்டாம், நைலான் உருகி ஒட்டிக்கொள்ளும்.

மேடைப்பின்:
துவைக்கவும் கூடாது. வியர்வை வாடைக்குப் பாடியின் உள் லைனிங்கில் மட்டும் வோட்கா ஸ்பிரே, பிறகு மின்விசிறிக் காற்று. பட்டி தைத்து முடித்ததும் பக்கவாட்டுப் படம் ஒன்று போடுங்கள்.