உறுமி ஏறும், ஹவுஸ் ஏறாது

விடிய விடிய ஆடிய அனுபவம் இருந்தால் எழுதச் சொல்லி வாசகர்களைக் கேட்டிருந்தீர்கள். எனக்கு இருப்பது ஒன்றே ஒன்று. அதுவும் கிளப்பில் இல்லை. மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், அக்கா கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி.

பழைய பெரட்டுக் களத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களைக் காலையில் கூட்டிப் பெயர் கூப்பிடும் இடத்தில் பந்தல். ஒரு ஓரம் பெண்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள், இன்னொரு ஓரம் என் லேப்டாப்பும் இரவல் வாங்கிய ஸ்பீக்கரும். பன்னிரண்டு மணிவரை சினிமாப் பாட்டு. அப்புறம் எனக்குப் பிடித்த ஹவுஸ் ரீமிக்ஸ் ஒன்றைப் போட்டேன். ஹவுஸ் என்பது இயந்திரத் தாளத்தில் ஓடும் கிளப் நடன இசை. வார்த்தை அதிகம் கிடையாது. விடியும்வரை சேர்ந்தே ஆடலாம் என்று ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொல்லும், அவ்வளவுதான். அந்தக் குரல் வரவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். முந்தைய பாட்டின் தாளத்தோடு டீஜே இதை ஒட்ட வசதியாக, தொடக்கத்தில் வெறும் டொம் டொம்தான் வைத்திருப்பார்கள்.

"என்னடா மாப்ள, பாட்டு மாட்டிக்கிச்சா?" என்றார் மாமா. கோயில் உறுமி மேளத்தில் இருபது வருடம் அடித்த கை அவருடையது.

விளக்கப் போனேன். சிகாகோவில் வேர்ஹவுஸ் என்று ஒரு கிளப், 1977இலிருந்து அங்கே பாட்டுப் போட்டவர் பிராங்கி நக்கல்ஸ், அந்தக் கிளப் பெயரின் வால்தான் இந்த ஹவுஸ் என்றேன். வேர்ஹவுஸ் என்றால் கிடங்கு என்றதும், "நம்ம ரப்பர் ஸ்டோர் மாதிரி இடத்துலயா ஆடுனானுங்க?" என்று கேட்டுவிட்டு, உறுமியை எடுக்கப் போய்விட்டார்.

இனிதான் விஷயமே. பாட்டு நிமிடத்துக்கு 124 அடி. மாமா முதல் அடியிலேயே பிடித்துவிட்டார், ஆனால் இரண்டு நிமிடத்தில் முன்னே ஓடிவிட்டார். உறுமியின் குணம் அது. அடிக்க அடிக்க ஏறும், சாமி வரவேண்டாமா? இயந்திரத் தாளமோ 124 என்றால் கடைசிவரை 124தான். நான் வேகத்தை 128, 132 என்று தள்ளிப் பார்த்தேன், மனிதர் அதையும் தாண்டினார். ஆடியவர்கள் பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார்கள். "மாமா, கொஞ்சம் இருங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அத்தைதான் சொன்னார்.

மறுபடி 124க்கு இறக்கினேன். அதன் பிறகு யாரும் உட்காரவில்லை. தாளம் ஏறாததால்தான் உடம்பு தாங்குகிறது என்று அன்றைக்குப் புரிந்தது. கால் மாற்றிக் கால் வைத்துக்கொண்டே பேசலாம், தேத்தண்ணி குடிக்கலாம், வெங்காயக் கத்தியோடுகூட ஆடலாம் (சித்தி ஆடினார்). மாமா உறுமியை மடியில் வைத்து இரண்டு விரலால் மட்டும் தட்டிக்கொண்டிருந்தார்.

சுபுஹு பாங்குக்கு (விடிகாலைத் தொழுகை அழைப்புக்கு) முன் நிறுத்திவிட வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு. ஐந்தரைக்கு நிறுத்தினேன். "டேய், அந்த மாட்டிக்கிட்ட பாட்ட இன்னொரு தடவ போடுடா" என்றார் அத்தை.

* * *

நான் இன்னொரு வாசகர், எழுதுவது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. சுங்கைப்பட்டாணியில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு, விடிகாலை ஷிப்ட். பக்கத்து வீட்டுப் பாட்டில் குரல் எனக்குக் கேட்கவே இல்லை, டொம் மட்டும் தலையணை வரை வந்தது. கனத்த ஒலியைச் சுவர் அவ்வளவாகத் தடுக்காது. சண்டை போடத்தான் போனேன். பார்த்தால் சப்வூஃபரை, அந்தக் கனத்த ஒலிக்கான ஸ்பீக்கரை, சுவர் மூலையில் ஒட்டி வைத்திருக்கிறார்கள், மூலையில் வைத்தால் அது இன்னும் உறுமும். நடுவே இழுத்து வைக்கச் சொன்னேன். கொஞ்சம் குறைந்தது. மிச்சத்தோடு தூங்கினேன்.