மறுமொழி: இரத்த அழுத்த மாத்திரையும் தோலும் – ‘ஆழ்தோல் வீக்கம்’ சரிவருமா?

> தோலில் வரும் எல்லாவற்றுக்கும் ‘மருந்து ஒவ்வாமை’ என்று ஒரே சொல் போதாதா? மக்களுக்குப் பழகிய சொல்லாயிற்றே.

வணக்கம் ஐயா. மருந்தோடு நோயாளிக்குத் தரும் துண்டறிக்கையில் ‘ஆஞ்சியோஎடிமா’ (angioedema) முதலிய பக்கவிளைவுகளுக்கு என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்பதுதானே இந்த இழையின் பேச்சு.

பழகிய சொல் என்பதுதான் சிக்கலே. எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் வகை இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களில் நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கு உதடு, நாக்கு, கண்ணிமை திடீரென்று வீங்கும். இதுதான் ஆஞ்சியோஎடிமா. பொதுவாக அரிப்போ தடிப்போ இருக்காது. இது ஒவ்வாமையே இல்லை. இந்த மருந்துகள் முடக்குகிற நொதிக்கு இன்னொரு வேலையும் உண்டு: நுண்குழாய்களைக் கசியவைக்கும் பிராடிகினின் என்ற பொருளைச் சிதைப்பது. நொதி முடங்கினால் பிராடிகினின் தேங்கும், நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து தோலின் அடியடுக்கில் சேரும். ஒவ்வாமையில் உடல் வெளிவிடும் ஹிஸ்டமினுக்கு இதில் பங்கில்லை என்பதால் வழக்கமான ‘அலர்ஜி ஊசி’க்கு வீக்கம் பெரும்பாலும் வடியாது. தொண்டை வீங்கினால் மூச்சே அடைபடும்.

போதாக்குறைக்கு, மாத்திரை தொடங்கி மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் கழித்தும் இது வரலாம். அப்போது துண்டறிக்கையில் ‘ஒவ்வாமை’ என்று மட்டும் இருந்தால், படிப்பவர் நேற்றுச் சாப்பிட்ட இறாலைத்தான் சந்தேகப்படுவார். தினமும் விழுங்கும் மாத்திரை நினைவுக்கே வராது.

இழையில் முன்பு வந்த ‘குருதிக்குழல் வீக்கம்’ எனக்கு ஒப்பவில்லை. கிரேக்க வேர்களைப் பிரித்து அடுக்கினால் அப்படித்தான் வரும், ஆனால் இங்கே வீங்குவது குழல் இல்லையே. கேட்பவர் காலில் புடைத்த நரம்பை நினைத்துக்கொள்வார். ‘ஆழ்தோல் வீக்கம்’ என்றால் இடம் தெளிவாகிறது. தோலின் மேலடுக்கில் அரிப்போடு தடிப்பது காணாக்கடி, அடியில் வீங்குவது ஆழ்தோல் வீக்கம் என்று இணையாகவும் நிற்கும். காணாக்கடியை விளக்கத் தேவையில்லை, ஊர்ப்பக்கம் எல்லோருக்கும் தெரியும்.

நாக்கில் தோல் ஏது என்று கேட்பீர்கள். நியாயம்தான். ‘ஆழ்திசு வீக்கம்’ என்று மாற்றலாம், ஆனால் அது எந்தத் திசு என்று சொல்லாமல் மழுப்புகிறது. நான் தோலோடு நிற்கிறேன்.

அம்லோடிபின் என்ற இன்னொரு இரத்த அழுத்த மாத்திரையால் கணுக்காலில் வரும் வீக்கத்துக்குக் ‘கால் வீக்கம்’ போதும், புதுச்சொல் வேண்டாம்.

சிறுநீரை அதிகமாக்கி அழுத்தத்தைக் குறைக்கும் தயசைடு வகை மருந்தான ஹைட்ரோகுளோரோதயசைடு வேறு கதை. அதைச் சாப்பிடும் சிலருக்குக் கொஞ்ச வெயிலிலேயே தோல் சிவந்து எரியும். ‘ஒளிக்கூச்சம்’ என்ற சொல் ஏற்கெனவே கண் கூசுவதற்குப் போய்விட்டதால் ‘வெயில்தாளாமை’ என்று வைக்கலாமா? அதே மருந்தை நெடுங்காலம் எடுத்து மொத்த அளவு கூடும்போது மெலனோமா (நிறமிச் செல்களில் வரும் புற்றுநோய்) அல்லாத தோல் புற்றுநோய்க்கான அபாயமும் கூடலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2018இல் எச்சரித்தது. எனவே வெயிலைப் பற்றிய வரி துண்டறிக்கையில் எப்படியும் வேண்டும். அதில் ‘ஒளியுணர்திறன்’ என்று எழுதினால் யாருக்குப் புரியும்? கேமரா விளம்பரம் மாதிரி இருக்கிறது.

இதயத்துடிப்பைத் தணித்து அழுத்தத்தைக் குறைக்கும் பீட்டா தடுப்பான்கள் சொரியாசிஸைக் (செதில் உதிரும் தோல்நோய்) கிளறிவிடுவதும் ஒவ்வாமைக்குள் அடங்காது. ஆகவே பொதுத்தலைப்பாக ‘மருந்துவழித் தோல்மாற்றம்’, நோயெதிர்ப்பு மண்டலம் தலையிடும் இடத்தில் மட்டும் ‘ஒவ்வாமை’ என்பது என் பரிந்துரை. அப்புறம், எந்தச் சொல்லை எடுத்தாலும் பக்கத்திலேயே ‘மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள், நாக்கு, தொண்டை வீங்கினால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்’ என்ற வரியும் வர வேண்டும்.

பீட்டா தடுப்பான், தயசைடு இரண்டாலுமே வரக்கூடிய லைக்கன் வகைத் தடிப்புக்குத்தான் (ஊதா நிறத்தில் அரிக்கும் தட்டைப் புடைப்புகள்; லைக்கன் என்பது பாறையில் படரும் பாசி போன்றதன் பெயர்) சொல் அகப்படவில்லை. ‘பாசித்தடிப்பு’ என்றால் ஈரமாக ஏதோ படர்ந்ததுபோல் இருக்கிறது. வேறு யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.