பழைய ஜூக்கி டிடிஎல்-5550 பவர் தையல் மிஷின்: ஆயில் ஏறல, தையல் விட்டு விட்டு விழுது

திருமங்கலம் தையலகம்:
திருப்பூர் கம்பெனியில கழிச்ச மிஷின், ரொம்ப நாளா ஓடாம கிடந்தது. கைச்சக்கரம் இறுக்கமா சுத்துது. தொட்டியில ஆயில் பழுப்பா, பிசினா ஒட்டியிருக்கு. மேல் கண்ணாடியில ஆயில் தெறிக்கல. டூ பை டூ ஜாக்கெட் துணியில தையல் விட்டு விட்டு விழுது, ஊசி 16 நம்பர். மோட்டார் மூணு பேஸ் கிளட்ச் மோட்டார், கடையில சிங்கிள் பேஸ் கரண்ட்தான். எதுல இருந்து ஆரம்பிக்கிறது?

மேலூர் மெக்கானிக்:
அண்ணே, இனிமே அதை ஓட்டாதீங்க. ஆயில் இல்லாம வேகமா ஓடுனா ஹூக் (ஊசி நூலைப் பிடிக்கிற, அடியில சுத்துற கொக்கி) இறுகிப் பிடிச்சுக்கும்.

மிஷினைச் சாய்ச்சுத் தொட்டியைக் காலி பண்ணுங்க. அடியில பம்ப் சல்லடை இருக்கும், பஞ்சும் பிசினும் அடைச்சுக்கிறது அங்கதான். மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால கழுவி, சொட்டு இல்லாமத் துடைச்சுட்டுப் புது ஆயில் ஊத்துங்க. தையல் மிஷின் வெள்ளை ஆயில் மட்டும்தான். இன்ஜின் ஆயில் கனம், மெல்லிசு குழாய்ல ஏறாது. தேங்காய் எண்ணெய் நாளாவட்டத்துல பிசினாயிடும். அளவு தொட்டியில இருக்கிற மேல்கோடு வரை, கீழ்கோட்டுக்கு இறங்க விடக்கூடாது.

ஊசிக்கம்பி, ஹூக்குக்கு ஆளுக்கு ரெண்டு சொட்டு விட்டு, கைச்சக்கரம் லேசாகுற வரை கையாலயே சுத்துங்க. அப்புறம் நூல் இல்லாம, பிரஷர் ஃபுட்டை (துணியை அழுத்துற பாதம்) தூக்கி வச்சு, மெதுவா ஓட்டுங்க. கண்ணாடியில தெறிச்சாத்தான் வேகம் கூட்டணும்.

செல்லூர் பவர் மிஷின்:
தையல் விடுறதுக்கு டைமிங்ல (ஊசியும் ஹூக்கும் சந்திக்கிற நேரம்) கை வைக்கிறதுக்கு முன்னாடி ஊசியைப் பாருங்க. டிபி×1 (DB×1) ஊசி, முட்டுற வரை ஏறணும். நீளப் பள்ளம் இடது பக்கம், குழிஞ்ச பக்கம் வலது பக்கம். டூ பை டூவுக்கு 11 நம்பர் போதும். 16 போட்டா துணியையும் சேர்த்து ஓட்டைக்குள்ள இழுக்கும், நூல் வளையம் சரியா விரியாது. ஊசித்தட்டு ஓட்டை பெரிசா இருந்தாலும் இதே கோளாறுதான், தட்டையும் துணியை நகர்த்துற பல்லையும் சன்னத் துணிக்கானதா மாத்துங்க.

அப்பவும் விட்டா டைமிங். ஊசிக்கம்பியில டிபி ஊசிக்கான ரெண்டு கோடு இருக்கும். கம்பி அடிமட்டத்துல நிக்கும்போது மேல்கோடு கீழ் புஷ்ஷோட (கம்பி ஏறி இறங்குற குழாய்) அடி விளிம்போட சேரணும். சக்கரத்தை உங்க பக்கமா சுத்தி, கீழ்கோடு அதே விளிம்புக்கு வரும்போது ஹூக் முனை ஊசி நடுவுல நிக்கணும். இடைவெளி 0.04 முதல் 0.1 மி.மீ., அதிகபட்சம் ஒரு நோட்டுத்தாள் கனம். உரசினா முனை மழுங்கிடும்.

திருமங்கலம் தையலகம்:
ஹூக்குக்கு ஆயில் அளவா வருதான்னு எப்படித் தெரியும்? வெள்ளைத் துணியில கறை விழுந்தா வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல முடியாது. மோட்டாருக்கு என்ன செய்ய?

மேலூர் மெக்கானிக்:
மூணு நிமிஷம் ஓட்டிச் சூடேத்திட்டு, ஹூக்குக்குக் கீழ தாளை 5 வினாடி பிடிங்க. மெல்லிசா ஒரு கோடு விழுந்தா சரி. பட்டையா விழுந்தா ஆயில் ஸ்குரூவால குறைங்க. கையும் தாளும் ஹூக்ல படவே கூடாது.

சிங்கிள் பேஸ் சர்வோ மோட்டார் 550 வாட் போடுங்க. கிளட்ச் மோட்டார் தைக்காம சும்மா இருக்கும்போதும் சுத்தி கரண்ட் குடிக்கும், சர்வோ மிதிச்சாத்தான் சுத்தும். சக்கரம் உங்க பக்கமா சுத்துதான்னு பெல்ட் மாட்டினதும் பாருங்க. கஞ்சி போட்ட சுங்குடி தைச்சா தூசி சீக்கிரம் சேரும், வாரம் ஒருமுறை ஊசித்தட்டைக் கழட்டிப் பல் இடுக்கைச் சுத்தம் பண்ணிடுங்க.