அச்சகத்தில் சால்வென்ட் நெடி: எக்ஸாஸ்ட் வாயில் கார்பன் ஃபில்டர் மாட்டினால் போதுமா?

அச்சுமேசை

வணக்கம் நண்பர்களே. தாள் தாளாக அச்சிடும் இரண்டு ஷீட்ஃபெட் ஆஃப்செட் மெஷின் ஓடும் அச்சகம் எங்களுடையது, கூடவே ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் மேசையும் உண்டு. பிளேட்டை ஈரமாக்கும் டேம்பனிங் தண்ணீரில் ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) 12 சதவீதம் வரை கலக்கிறோம். நாளொன்றுக்கு ஐபிஏ 5 லிட்டரும், பிளாங்கெட் (மையைக் காகிதத்துக்கு மாற்றும் ரப்பர் விரிப்பு), ரோலர் கழுவ டின்னர் 4 லிட்டரும் போகிறது. மதியத்துக்கு மேல் உள்ளே நின்றால் கண் எரிகிறது, மெஷின்மேன்கள் தலைவலி என்கிறார்கள், அக்கம்பக்கத்தாரும் நெடி தாங்கவில்லை என்று வந்து சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

கூரையை ஒட்டி ஒரு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது. அதன் வாயில் 50 கிலோ கார்பன் நிரப்பிய ஃபில்டர் பெட்டி மாட்டினால் 95 சதவீதம் பிடித்துவிடும் என்கிறார் ஒரு விற்பனையாளர். வாங்கலாமா? இன்னொரு கேள்வி: எங்கள் அளவுக்கு இது வெறும் நெடிப் பிரச்சினையா, இல்லை நிஜமாகவே காற்று மாசா?

ரோலர்செட்டிங்

பெட்டிக்கு இன்னும் முன்பணம் கொடுக்காதீர்கள். முதலில் தராசை எடுங்கள்.

5 லிட்டர் ஐபிஏ ஏறக்குறைய 4 கிலோ. டின்னரையும் சேர்த்தால் நாளுக்கு 7 கிலோ. துணியோடும் கழிவு கேனோடும் கொஞ்சம் வெளியே போகும், மற்றதெல்லாம் காற்றில்தான். கார்பன் நல்ல நிலையில்கூடத் தன் எடையில் 10 முதல் 20 சதவீதம் வரைதான் பிடித்து வைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஈரப்பதம் கூடினால் இன்னும் குறையும். அப்படியானால் 50 கிலோ பெட்டிக்குள் 5 முதல் 10 கிலோ ஆவி. எல்லா ஆவியும் ஒழுங்காகப் பெட்டிக்கு வந்து சேர்ந்தால் ஒன்று ஒன்றரை நாளில் அது நிரம்பிவிடும், அதற்குப் பிறகு உள்ளே வருவது அப்படியே வெளியே போகும். நிரம்பிய கார்பன் அபாயக் கழிவு, அதை யார் எடுத்துப்போவார் என்பதையும் அந்த விற்பனையாளரிடமே கேளுங்கள்.

அவர் சொல்லும் 95 சதவீதம், பெட்டிக்கு வந்து சேர்ந்த ஆவியில் 95 சதவீதம். மெஷினிலிருந்து கிளம்பும் ஆவியில் பாதிதான் ஃபேனுக்குப் போகிறது என்றால் உங்களுக்குக் கிடைப்பது அந்தப் பாதியில் 95 சதவீதம், அதாவது மொத்தத்தில் 47 சதவீதம்தான். உங்கள் ஃபேனோ கூரையில் இருக்கிறது. ஐபிஏ ஆவி காற்றைப்போல இரண்டு மடங்கு கனம், டின்னர் ஆவி அதைவிடவும் கனம். அது மெஷினைச் சுற்றித் தரையோரம் தேங்கும். கூரை ஃபேன் அதை மெஷின்மேன் முகத்தைத் தாண்டித்தான் மேலே இழுக்க வேண்டும். மதியத்துக்கு மேல் கண் எரிவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

மை பற்றிப் பயப்பட வேண்டாம். ஷீட்ஃபெட் மையில் இருக்கும் எண்ணெயில் 95 சதவீதம் காகிதத்திலேயே தங்கிவிடும் என்று வைத்துத்தான் அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான ஈபிஏ கணக்குப் போடுகிறது. சுருள் காகிதத்தில் அச்சிட்டுச் சூட்டில் காயவைக்கும் ஹீட்செட் வெப் மெஷினில்தான் நிலைமை தலைகீழ், அங்கே 80 சதவீதம் டிரையரில் ஆவியாகிப் போகும். உங்கள் பிரச்சினை ஐபிஏவும் டின்னரும்.

தண்ணித்தொட்டி

12 சதவீதம் மிக அதிகம் நண்பரே. ஈபிஏ 2006இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஷீட்ஃபெட்டுக்கு 5 சதவீதம், தண்ணீரைக் குளிரவைத்து ஓட்டினால் 8.5 சதவீதம் வரை. நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் இதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

ஐபிஏ இரண்டு வேலை செய்கிறது. தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துப் பிளேட்டில் சீராகப் பரவவைக்கிறது, கூடவே தண்ணீரைக் கொஞ்சம் கெட்டியாக்கி ரோலரில் ஏற வைக்கிறது. மாற்றுக் கெமிக்கல் என்று விற்பவை முதல் வேலையைச் செய்யும், இரண்டாவதைச் செய்யாது. அதனால்தான் "மாற்றினோம், தண்ணி பிடிக்கவில்லை, பிளேட்டில் அழுக்கு வருகிறது" என்று பலர் பழையபடி ஐபிஏவுக்கே திரும்பிவிடுகிறார்கள். கெமிக்கலை மாற்றும்போதே தண்ணீர் ரோலரையும் பார்க்க வேண்டும். ரப்பர் கெட்டியாகிப் போயிருந்தால் புதிதாக ரப்பர் போட வேண்டும், ரோலர்கள் ஒன்றையொன்று தொடும் ஸ்ட்ரைப் அகலத்தைத் திரும்ப செட் பண்ண வேண்டும், தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் ரோலர் வேகத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். ரோலர் மேல் வழுவழுப்பான கிளேஸ் படிந்திருந்தால் எவ்வளவு ஐபிஏ ஊற்றினாலும் பத்தாது. அப்படித்தான் சதவீதம் மெல்ல மெல்ல ஏறுகிறது. ரோலர் செய்ய வேண்டிய வேலையை ஐபிஏ செய்துகொண்டிருக்கும், யாரும் கவனிப்பதில்லை.

தண்ணீரின் கடினத்தன்மையையும் பாருங்கள். ஆர்ஓ தண்ணீரை அப்படியே ஊற்றுவதும் நல்லதல்ல, ஜெர்மன் அளவில் 8 முதல் 12 டிகிரி கடினத்தன்மை வரும்படி வைத்தால் பிஹெச் நிலையாக நிற்கும். தொட்டியைக் குளிரவையுங்கள், மூடியும் போடுங்கள். 27 டிகிரியிலிருந்து 15 டிகிரிக்கு இறக்கினாலே ஐபிஏவின் ஆவியழுத்தம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஒரேயடியாக 12லிருந்து 3க்குப் போகாமல், ஒவ்வொரு சதவீதமாக இறக்கி ஒவ்வொரு படியிலும் சில வேலைகள் ஓட்டிப் பாருங்கள்.

எஸ்டிஎஸ்வாசகர்

அக்கம்பக்கத்தார் பற்றி எல்லோரும் பேசுகிறோம், சரி. எனக்கு அந்த மெஷின்மேன்கள் தலைவலி என்று சொன்னதுதான் மனதில் நிற்கிறது. அந்த டின்னரில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

ஜப்பானின் ஒசாகாவில் மாதிரி அச்சு எடுக்கும் ஒரு ஆஃப்செட் ப்ரூஃப் அச்சகத்தில், இளம் வயது ஊழியர்கள் பலருக்குப் பித்தநாளப் புற்றுநோய் வந்தது 2012 வாக்கில் வெளியே தெரிந்தது. காற்றோட்டம் சரியில்லாத அறையில் 1,2-டைகுளோரோபுரோப்பேன் கலந்த திரவத்தால் நாள் முழுவதும் பிளாங்கெட் துடைத்தவர்கள் அவர்கள். அந்தக் கெமிக்கலை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2014இல் மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் பிரிவில் சேர்த்தது. அந்த ஊழியர்கள் மெஷின் மேல் குனிந்து செய்த வேலை உங்கள் ஆட்கள் செய்கிற அதே வேலை. எனவே சப்ளையரிடம் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டு வாங்குங்கள். லேபிள் இல்லாத கேனில் வரும் டின்னரை உள்ளேயே விடாதீர்கள், அதில் டொலுவீன் இருக்கலாம், குளோரின் சால்வென்ட்கூட இருக்கலாம்.

மாற்று உண்டு. தாவர எண்ணெய் எஸ்டர் வாஷ் கிட்டத்தட்ட ஆவியாகாது. ஆனால் மெதுவாகத்தான் கழுவும், பிறகு ஈரத் துணியால் இன்னொரு தடவை துடைக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த வேலையின் முதல் தாள்கள் வீணாகும். மெஷின்மேனுக்கு இந்தக் கூடுதல் நேரத்தைக் கொடுத்தால்தான் அவர் பழைய டின்னர் கேனைத் தேடிப் போகமாட்டார். உடனே அதுவரை போக முடியாவிட்டால், 20 டிகிரியில் ஆவியழுத்தம் 10 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே உள்ள வாஷ் கேளுங்கள், ஈபிஏ சொல்லும் எல்லையும் அதுதான்.

துடைத்த துணியைத் திறந்த டிரம்மில் போட்டால் அதிலுள்ள டின்னர் முழுக்க ராத்திரிக்குள் காற்றில்தான். தானே மூடிக்கொள்ளும் உலோகத் தொட்டியில் போடுங்கள். உலரும் எண்ணெய் பட்ட துணி குவிந்து கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், அதற்கும் இந்த மூடி வேண்டும்.

கிராவூர்லைன்

நான் பேக்கேஜிங் கிராவூர் (குழி செதுக்கிய உருளையால் அச்சிடுவது) பக்கம். "நெடியா, மாசா" என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மாசுதான். இந்த ஆவிகள் வாகனப் புகையின் நைட்ரஜன் ஆக்ஸைடுகளோடு வெயிலில் சேர்ந்து தரைமட்ட ஓசோனாகிறது, அது நுரையீரலைத் தாக்கும். நெடி வராத தூரத்திலும் தாக்கும்.

எங்கள் லைனில் எத்தில் அசிட்டேட் என்ற சால்வென்ட் மணிக்கணக்கில் கிலோ கிலோவாகப் போகும். அதனால் டிரையர் காற்று முழுவதையும் ஆர்டிஓ என்ற எரிப்பு உலைக்கு அனுப்பி 800 டிகிரிக்கு மேல் எரிக்கிறோம், சரியாக ஓடினால் 95 சதவீதத்துக்கு மேல் அழிந்துவிடும். காற்றில் போதுமான சால்வென்ட் இருந்தால் தனி எரிபொருள் பெரும்பாலும் வேண்டியதில்லை. பத்திரிகை கிராவூரில் டொலுவீனைக் கார்பனில் பிடித்து நீராவி பாய்ச்சித் திரும்ப எடுப்பார்கள், டொலுவீன் தண்ணீரில் கரையாமல் மேலே மிதப்பதால் பிரிப்பது சுலபம். ஐபிஏ தண்ணீரோடு முழுக்கக் கலந்துவிடும், உங்களுக்கு அந்த வழி சரிப்படாது. உங்கள் காற்று மிகவும் நீர்த்த காற்று, ஆர்டிஓ வைத்தால் எரிபொருளைத்தான் எரிப்பீர்கள். மேலே சொன்னதுபோல ஆவியாகாமல் பார்ப்பதே உங்களுக்கு மலிவு.

அச்சுமேசை

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஃபில்டர் வாங்கும் யோசனையை நிறுத்திவிட்டேன். டின்னர் சப்ளையரிடம் தகவல் தாள் கேட்டேன், "எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள்" என்கிறார், தாள் வரவில்லை. ஸ்கிரீன் மேசைக்கு, புற ஊதா விளக்கில் காயும் யூவி மைக்கு மாறினால் நல்லதா?

எஸ்டிஎஸ்வாசகர்

தாள் தராதவரிடம் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

யூவி மையில் ஆவியாக சால்வென்ட் அநேகமாக இல்லை, ஸ்கிரீனுக்கு அது பெரிய லாபம். சாதாரண ஸ்கிரீன் மையில் இருக்கும் சால்வென்ட்டில் பெரும்பகுதி காயப்போடும் ராக்கில்தான் ஆவியாகிறது. ஆனால் யூவி மையில் உள்ள அக்ரிலேட் என்ற கெமிக்கல் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும், ஒருமுறை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் வரும், ஆகவே நைட்ரைல் கையுறை கட்டாயம். பாதரச விளக்கு ஓசோன் கிளப்பும், அதற்குத் தனி எக்ஸாஸ்ட் வேண்டும். 365 முதல் 405 நானோமீட்டர் வரையிலான எல்ஈடி விளக்கில் ஓசோன் பிரச்சினை இல்லை.

ரோலர்செட்டிங்

ஒன்று விட்டுப்போயிற்று. கூரையில் இருக்கும் எக்ஸாஸ்டைக் கீழே இறக்க வேண்டும், அப்போது உறிஞ்சும் வாயைத் தண்ணீர்த் தொட்டிக்கும் கழுவும் பக்கத்துக்கும் அருகில் தரையோரமாக வையுங்கள், மெஷின்மேனின் முதுகுப் பக்கத்திலிருந்து புதுக்காற்று வருவதற்கு வழி விடுங்கள். மோட்டார் ஃப்ளேம்ப்ரூஃபாக இருக்க வேண்டும். ஐபிஏ 12 டிகிரியிலேயே தீப்பற்றும் ஆவி விடும், சாதாரண மோட்டாரின் பொறி போதும். மாதக் கடைசியில் வாங்கிய கேன், மீந்த கேன், கழிவாகப் போன கேன் மூன்றையும் எடைபோட்டு இங்கே எழுதுங்கள், எங்கே இன்னும் கசிகிறது என்று சேர்ந்து பார்ப்போம்.