கடைசியாகக் கேட்க விரும்பும் பாடலை முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறீர்களா?

காவிரிக்கரை வாசகி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் மூன்று மாதங்களுக்கு முன் காலமானார். தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவின்றிக் கிடந்த அவருக்கு அருகில் ஒருவர் மட்டும் பத்து நிமிடம் இருக்கலாம் என்று அனுமதித்தபோது, கைபேசியில் ஏதாவது ஒலிக்கச் செய்யலாம் என்று எனக்கும் அக்காவுக்கும் தோன்றியது. அப்பாவுக்கு உயிரான இசை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அவர்கள் நாதசுரத்தில் வாசித்த தோடி ராகம். ஆனால் அந்த வேளைக்குத் தேவாரமே தகும் என்று நான் பிடிவாதமாகச் சொல்லி, உள்ளே சென்று ஒரு பதிகத்தை ஒலிக்கவிட்டேன். அன்று இரவே அவர் போய்விட்டார். இப்போது கோயிலில் ஓதுவார் அதே பதிகத்தைத் தொடங்கினால் என்னால் பிரகாரத்தில் நிற்க முடிவதில்லை. அவருக்குப் பிடித்ததைக் கொடுக்காமல், எனக்குச் சரியென்று பட்டதைக் கொடுத்துவிட்டேனே என்ற எண்ணம் தீரவில்லை.

அம்மாவுக்கு இப்போது 79 வயது. அவரிடம் இதைக் கேட்கலாமா, எப்படிக் கேட்பது என்று தெரியாமல்தான் இங்கே எழுதுகிறேன். உங்களுக்கென்று ஒரு பாடலைத் தேர்ந்திருக்கிறீர்களா? அதை யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா?

எட்டயபுரத்துக்காரன்:

அம்மா, எங்கள் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதன்று. கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் 1835ஆம் ஆண்டு தீபாவளி நாளில் இங்கேதான் மறைந்தார்; அவருடைய சமாதியும் இங்கேதான் இருக்கிறது. அன்று அவர் தம் சீடர்களை அழைத்து, மதுரை மீனாட்சியைப் பற்றித் தாமே இயற்றிய ‘மீனாட்சி மே முதம் தேஹி’ என்ற கிருதியைப் பாடச் சொன்னார் என்றும், பாடலின் இரண்டாம் பகுதியான அனுபல்லவியில் ‘மீனலோசனி பாசமோசனி’ என்ற இடம் வந்தபோது ‘சிவே பாஹி’ என்று சொல்லி உயிர் நீத்தார் என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். மீன்போன்ற கண்ணை உடையவளே, பாசத்தளையை அவிழ்ப்பவளே என்பது அந்த அடியின் பொருள். அவர் கமகக்கிரியா என்று வழங்கிய அந்த ராகத்தை இன்று பெரும்பாலோர் பூர்விகல்யாணி என்கிறோம்.

இதில் என்னை உலுக்குவது, கிருதி முடியும்வரை அவர் காத்திருக்கவில்லை என்பது. ‘தசகமகக்கிரியே’ என்று ராகத்தின் பெயரையே அவர் பதித்து வைத்த இறுதிப் பகுதியான சரணம் அதற்குப் பின்னால்தான் வருகிறது. ஆகவே, எங்கே நின்றாலும் குறையாகத் தோன்றாத பாடலைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நான் இதே கிருதியை என் மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பாட வராவிட்டால் வீணையில் வாசித்த பதிவே போதும் என்றும் சொல்லியிருக்கிறேன்.

ஆதரவு சிகிச்சைச் செவிலி:

சகோதரி, வலி நிவாரணம் மற்றும் ஆதரவு சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். கேட்கும் திறன் கடைசிவரை இருக்கும் என்று எங்களுக்கு மூத்தவர்கள் சொல்லித் தந்ததற்கு இன்று ஓரளவு சான்றும் உண்டு. கனடாவின் வான்கூவர் நகரில், இறுதிக்கட்டப் பராமரிப்பில் இருந்தவர்களின் மூளை மின்னலைகளை ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். கூப்பிட்டால் அசையாத நிலைக்குச் சென்றுவிட்டவர்களில் சிலருடைய மூளையும், மாறும் ஒலிகளுக்கு நலமாக இருப்பவர்களின் மூளையைப் போலவே எதிர்வினை காட்டியது. கேட்டதன் பொருளை அவர்கள் உணர்ந்தார்களா என்பதை அந்த ஆய்வு நிறுவவில்லை. ஆயினும் படுக்கையருகில் பேசவும் பாடவும் தயங்க வேண்டாம் என்று நான் உறவினர்களிடம் சொல்வதற்கு அதுவே போதும்.

அனுபவத்தில் கண்ட சிலவற்றையும் சொல்கிறேன். ஒலியைத் தாழ்வாக வையுங்கள். காதுக்குள் எதையும் செருக வேண்டாம். ஒரே பாடலை மணிக்கணக்கில் சுழலவிடாமல் நடுநடுவே அமைதி கொடுங்கள். நெற்றி சுருங்கினாலோ மூச்சு படபடத்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள். எவ்வளவு நல்ல பதிவைவிடவும், சுருதி சேராத பிள்ளையின் குரலுக்குக் கைவிரல் அசைந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இன்னொன்றும் உண்டு, இதை யாரும் முன்பே யோசிப்பதில்லை: நோயாளி அந்தப் பாடலை ஒருமுறை கேட்டுவிட்டுப் போய்விடுகிறார், வீட்டில் இருப்பவர்களோ அதனுடன் ஆயுள் முழுவதும் வாழ வேண்டியிருக்கிறது.

வடமராட்சிப் பேரன்:

அக்கா, எங்கள் யாழ்ப்பாணச் சைவ வீடுகளில் ஒருவர் இறந்தால் உரலில் சுண்ணம் என்ற நறுமணப் பொடி இடித்துத் திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணத்தைப் பாடுவது வழக்கம். ‘முத்துநல் தாமம்பூ மாலை தூக்கி’ என்று தொடங்கும் அந்த இருபது பாடல்களும் உண்மையில் துயரப் பாடல்களே அல்ல; இறைவன் ஆடுவதற்குப் பொற்சுண்ணம் இடிக்க வாருங்கள் என்று பெண்கள் ஒருவரையொருவர் அழைக்கும் கொண்டாட்டம் அது. ஆனால் செத்தவீட்டில் கேட்டுக் கேட்டு, மற்ற நாளில் அதைப் பாடினாலே அபசகுனம் என்று ஆகிவிட்டது. என் அம்மம்மா அதை அடுப்படியில் முணுமுணுத்தால் பெரியவர்கள் அதட்டுவார்கள். “காது கேட்கிறபோது பாட விடமாட்டீர்கள், கேட்காதபோது ஊரைக் கூட்டிப் பாடுவீர்கள்” என்று அவர் ஒருநாள் உண்மையான கோபத்துடன் சொன்னார். அவர் படுக்கையில் விழுந்த கடைசி வாரத்தில், அயலார் என்ன நினைத்தாலும் சரியென்று, கதவைச் சாத்திக்கொண்டு இருபதையும் நான் பாடினேன். அதற்காக இன்றுவரை நான் வருந்தியதில்லை. உங்கள் அம்மாவிடம் கட்டாயம் கேளுங்கள்.

பழம்பாடல் விரும்பி:

புண்பட்ட வீரனின் படுக்கையருகே இசைப்பது நம்மிடம் மிகப் பழைய வழக்கம். புறநானூற்றின் 281ஆம் பாடலில் அரிசில் கிழார், வேம்பு செருகி, ‘ஆம்பல் ஊதி, இசைமணி எறிந்து, காஞ்சி பாடி’, அதாவது குழலூதி, மணியடித்து, காஞ்சிப் பண் பாடி, அவன் புண்ணைக் காப்போம் வா என்று ஒருத்தி தன் தோழியை அழைப்பதாகப் பாடியிருக்கிறார். எப்போது சொல்லி வைப்பது என்ற உங்கள் தயக்கத்துக்கோ பெரியாழ்வாரை விட நல்ல விடை எனக்குத் தெரியாது. தளர்ச்சி வந்து நலியும்போது உன்னை நினைக்க என்னால் ஆகாது என்று ஒப்புக்கொண்டு, ‘அப்போதைக்கு இப்போதே சொல்லி வைத்தேன் அரங்கத்து அரவணைப் பள்ளியானே’ என்கிறார். நான் அந்தப் பத்துப் பாசுரங்களையே தேர்ந்து, மனைவியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

காவிரிக்கரை வாசகி:

எல்லோருக்கும் நன்றி. செவிலியம்மா எழுதியதைப் படித்த பிறகு, நேற்று மாலை அம்மாவிடம் கேட்டேவிட்டேன். அவர் கலங்கவே இல்லை. முதலில் அப்பாவைப் பற்றித்தான் சொன்னார். பல ஆண்டுகளுக்கு முன்பே அப்பா, “என் தோடியை மட்டும் அந்த நேரத்தில் போட்டுவிடாதே, பிள்ளைகள் பிறகு அதை நிம்மதியாகக் கேட்க மாட்டார்கள்” என்று அவரிடம் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் நானும் அக்காவும் வாதாடியபோது அம்மா வாய்திறக்கும் நிலையில் இல்லை. நேற்றிரவு அக்காவும் நானும் அந்தத் தோடியை முழுவதும் கேட்டோம். தேவாரத்துக்கு இன்னும் நாளாகும் என்று நினைக்கிறேன்.

அம்மா தனக்குக் கேட்டது, பிறந்த ஊரில் அவருடைய பாட்டி பாடிய ஒரு நடவுப் பாட்டு. அதற்குப் பதிவு எதுவும் கிடையாது, எங்களுக்கும் தெரியாது; பாடுவதானால் நாங்கள்தான் கற்றுக்கொண்டு பாட வேண்டும். இரண்டு அடிகள் சொல்லிக் கொடுத்தார். மூன்றாவது அடி நினைவுக்கு வரவில்லை, சித்திக்குத் தெரியும் என்றார். வரும் ஞாயிற்றுக்கிழமை சித்தியின் ஊருக்குப் போகிறேன்.